கூனி கரைக்கு வந்த கிழமை

தேத்தண்ணி குடித்துவிட்டு வந்து கீர்த்திகா கதிரையில் இருந்தபோது, தட்டில் கிடந்த கூனி இறால்கள் எல்லாம் யன்னல் பக்கம் தலை வைத்துக் கிடந்தன.

கூனியைப் பிடித்தெடுக்கும் சாவணத்தைக் கையில் எடுத்தவள் அப்படியே இருந்துவிட்டாள். எழுந்து போகுமுன் அவற்றை ஊசியால் கலைத்து, ஒன்றின் மீசை மற்றதில் சிக்காதபடி தட்டு முழுக்கப் பரப்பி வைத்திருந்தாள். மூன்று நாட்களாகப் போமலினில் ஊறிய, சுண்டுவிரல் நகத்தின் நீளம்கூட இல்லாத, எப்போதோ செத்துப்போன உயிர்கள். முந்நூறுக்குக் குறையாது. இப்போது எண்ணெய் வைத்து இழுத்து வாரிய தலைமயிர்போல எல்லாம் ஒரு பக்கமாகப் படிந்திருந்தன. யன்னலுக்கு அப்பால் வேலி. வேலிக்கு அப்பால் றோட்டு. றோட்டுக்கு அப்பால், வடக்கே, கடல்.

அவளுக்குப் பயம் வரவில்லை. கோபம்தான் வந்தது. ஒன்பது நாட்களாக அவளுக்கு எதைப் பார்த்தாலும் கோபம்தான் வந்துகொண்டிருந்தது.

"ஆர் என்ரை தட்டிலை கை வைச்சது?"

அடுத்த அறையில் சோமசேகரம் சேர் தொண்டையைச் செருமினார். "ஒருத்தரும் வரேல்லையே பிள்ளை. நான் மட்டும்தான் இஞ்சை இருக்கிறன்."

"அப்ப தன்ரைபாட்டிலை திரும்பினதோ?"

"மேசை சரிவா இருக்கும். காலொண்டுக்குக் கீழை கடதாசி மடிச்சு வையும்."

அவள் குனிந்து மேசைக்காலின் கீழ் கடதாசி வைத்தாள். கூனிகளைத் திரும்பவும் கலைத்தாள். தேவைக்கு மேலாகவே குத்திக் கலைத்தாள். நுணுக்குக்காட்டியில் கண்ணை வைத்து எண்ணத் தொடங்கினாள். ஆண், பெண், வயிற்றுப் பையில் குஞ்சு சுமக்கிற பெண், வளராத குஞ்சு. நான்கு நிரல்களாகக் கொப்பியில் கோடு போடுவதுதான் அவளுடைய வேலை. சிப்பித்துறையில் ஒரு பழைய வீட்டை வாடகைக்கு எடுத்து நடந்த அந்தச் சின்ன ஆய்வு நிலையத்தில் சேரும் அவளும் மட்டும்தான். ஒவ்வொரு வருடமும் கூனி எப்போது கரைக்கு வருகிறது, வருகிற கூட்டத்தில் எது எத்தனை என்று எழுதிவைப்பார்கள். மாரி முடிந்து கடல் அடங்கிய பிறகு, மாசிக் கடைசியில்தான் வழக்கமாக வரும். இந்த வருடம் தை பிறந்து இரண்டாம் கிழமையே வந்துவிட்டது. ஜெயசுதன் கடலுக்குப் போய்த் திரும்பாத ஆறாம் நாள்.

ஜெயசுதன் அவளுடைய புருசன்.

படகு கிடைத்தது. வலை கிடைத்தது, ஒரு முடிச்சுக்கூட அவிழாமல். சோற்றுப் பெட்டியும் அப்படியே இருந்தது. ஆள் மட்டும் இல்லை.

சிப்பித்துறையில் ஒரு வழக்கம் இருந்தது. கடல் ஒருவரை எடுத்தால் முப்பத்தொரு நாளைக்கு, அந்தியேட்டிச் சடங்கு முடியும்வரை, அந்தக் கரையில் கூனி வலை இறங்காது. மற்ற மீனுக்குப் போகலாம், அது தூரக்கடல். கூனி கரையோடு, அடிமண்ணோடு கிடப்பது. அது எதைத் தின்று பெருக்கிறது என்று யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. சொல்லாமலே எல்லோருக்கும் தெரியும்.

ஆனால் இந்த மாரி இரண்டு மாதம் விடாமல் அடித்திருந்தது. வீடுகளில் கருவாடுகூட முடிந்துபோயிருந்தது. கரையோரத் தண்ணீர் கூனியால் தவிட்டு நிறமாகிக் கிடந்த அந்தக் காலையில் மீனவர் சங்கக் கட்டடத்தில் கூட்டம் கூடினார்கள். தலைவர் பரமலிங்கம் எழும்பி நின்று, வழக்குப் பேசுகிறவர்போல விரலை மடக்கினார்.

"செத்தவீட்டுத் துடக்கு எப்ப துவங்கும்? பிரேதம் கரை ஒதுங்கினால் துவங்கும். இல்லாட்டித் தெர்ப்பையிலை உருவம் செய்து எரிச்சால் துவங்கும். ரண்டும் நடக்கேல்லை. பிறகென்ன துடக்கு?"

எல்லோரும் ஜெயசுதனின் அக்கா தர்சினியைப் பார்த்தார்கள். தாய் தகப்பன் இல்லாமல் அவனைத் தூக்கி வளர்த்தவள் அவள்தான்.

"என்ரை தம்பி சாகேல்லை," என்றாள் தர்சினி. "வலையை இறக்குங்கோ."

"அவர் செத்துப்போனார்," என்று கீர்த்திகா சொன்னாள். அதை அவள் சத்தமாகச் சொன்னது அதுதான் முதல் தடவை. பின்வரிசையிலிருந்து ஒரு பெண் சொன்னாள்: "வாயைக் கழுவும் பிள்ளை. நீர் நீர்வேலி ஊராள். வாழைத்தோட்டத்துக்குள்ளை வளந்தனீர். உமக்கென்ன தெரியும் கடலைப் பற்றி?"

அன்று மத்தியானமே வலைகள் இறங்கின.

*

வேலை முடிந்து வீட்டுப் படலையைத் திறந்தபோதே மணம் வந்து முகத்தில் அடித்தது. வெங்காயமும் செத்தல் மிளகாயும் கறிவேப்பிலையும் எண்ணெய்யில் வெடிக்கிற மணம், அதற்கு அடியில் உப்பும் சேறும் இரும்பும் கலந்த இன்னொரு மணம். குசினிக்குள் தர்சினி சட்டியில் தேங்காய்ப்பூ போட்டுக் கிளறிக்கொண்டிருந்தாள். நெருப்பு வெளிச்சத்தில் கூனியின் கண்கள் மட்டும் கறுப்புக் கறுப்பாய், கடுகு கொட்டியதுபோல.

"மச்சாள், இது என்ன?"

"கூனி வறை. உமக்கு மூக்கில்லையே?"

"இந்த வீட்டிலையோ?"

"இந்த வீட்டிலைதான்." தர்சினி திரும்பிப் பார்க்கவில்லை. "செத்த வீட்டிலைதான் கூனி ஆகாது. இது செத்த வீடில்லை எண்டு ஊருக்குத் தெரியவேணும். ஒவ்வொரு நாளும் காய்ச்சுவன். அவன் வந்து படலையைத் திறக்கிற வரைக்கும் காய்ச்சுவன்."

கீர்த்திகா கைப்பிடித் துணியைக்கூடத் தேடவில்லை. சட்டியைச் சேலைத் தலைப்பால் தூக்கிக்கொண்டுபோய்க் கிணற்றடி வாழைக்கு அடியில் கவிழ்த்தாள். கை வெந்தது. அது நன்றாக இருந்தது.

"கொட்டும், கொட்டும்!" தர்சினி குசினி வாசலில் நின்று சிரித்தாள். "அவன் செத்திட்டான் எண்டு அவ்வளவு நிச்சயமெண்டால், தாலியைக் கழட்டி வைச்சிட்டு வந்து கொட்டுமன் பாப்பம்!"

கீர்த்திகாவின் கை தன்னையறியாமல் கழுத்துக்குப் போனது. அந்தக் கையை வெட்டி எறியவேண்டும்போல அவளுக்கு ஆத்திரம் வந்தது.

கீர்த்திகாவின் மகள், ஆறு வயது ஆரபி, அறை வாசலில் நின்று இருவரையும் பார்த்துக்கொண்டிருந்தாள். அன்று படுக்கப்போகும்போது அவள் தாயின் காதுக்குள் சொன்னாள்: "அம்மா, கூனி சாப்பிட்டால் அப்பா கெதியா வருவாராம். தர்சினி மாமி சொன்னவ."

"நீ சாப்பிட்டனியோ?"

"இல்லை."

"சத்தியமா?"

"சத்தியமா."

"இனி ஆர் தந்தாலும் தொடக்கூடாது. அம்மா செத்தாலும் தொடக்கூடாது. சொல்லு."

"தொடமாட்டன்," என்றாள் ஆரபி. அப்போது அவள் பார்த்துக்கொண்டிருந்தது யன்னலை.

விடிய எழும்பியபோது பிள்ளை பக்கத்தில் இல்லை. பாயைத் தடவிப் பார்த்தபிறகுதான் கண்டாள். ஆரபி பாயில் அரைவட்டம் திரும்பி, வடக்கே தலைவைத்துப் படுத்திருந்தாள். வடக்கே தலைவைத்து இந்த ஊரில் யாரும் பிள்ளையைக் கிடத்துவதில்லை. கீர்த்திகா அவளைத் தூக்கித் திருப்பிக் கிடத்திவிட்டு, முகம் கழுவப் போகிற வழியில் தர்சினியின் அறையை எட்டிப் பார்த்தாள். தர்சினியும் வடக்கே தலைவைத்து, கைகளை உடம்போடு ஒட்டி, நேராகக் கிடந்தாள். கண்கள் திறந்திருந்தன.

"மச்சாள்?"

கண்கள் மெதுவாக மூடிக்கொண்டன.

*

பன்னிரண்டாம் நாள் சேர் கொண்டுவந்து வைத்த மூன்று போத்தல்களும் அவளுடைய வேலையைச் சுலபமாக்கிவிட்டன. முதலாவது கரையோடு, கணுக்கால் தண்ணீரில் அள்ளியது. இரண்டாவது இடுப்பளவில். மூன்றாவது கழுத்தளவில். முதல் போத்தல் முழுக்கக் குஞ்சுகள். இரண்டாவதில் பை சுமக்கிற பெண்கள், வேறு ஒன்றுமே இல்லை. மூன்றாவதில் முழுக்க வளர்ந்த ஆண்கள். ஒரு குஞ்சுகூட வழிதவறி அடுத்த போத்தலுக்குள் போயிருக்கவில்லை. நான்கு நிரல் கொப்பியில் மூன்று நிரல்கள் ஒவ்வொரு பக்கத்திலும் வெறுமையாகக் கிடந்தன.

சேர் கொப்பியைப் பார்த்துக் குழந்தைப்பிள்ளைபோலச் சந்தோசப்பட்டார்.

"பாத்தீரே! இதுகளுக்குக் கூட்டமெண்டால் சும்மா சந்தைக் கூட்டமில்லை. குஞ்சு குஞ்சோடை. பை சுமக்கிறது பை சுமக்கிறதோடை. எல்லாம் நீரோட்டத்துக்கு முகம் குடுத்துக்கொண்டு நிக்கும். ஒண்டுக்கும் மற்றதுக்கும் நடுவிலை எந்த நேரமும் ஒரே தூரம். அளந்து விட்டமாதிரி." பிறகு குரலைத் தாழ்த்தினார். "ஆனால் இவ்வளவு துப்பரவா நான் ஒரு வருசமும் காணேல்லை. ஏதோ ஒண்டு கூப்பிட்டு வரிசையிலை விட்டமாதிரிக் கிடக்கு."

"இதுகள் என்னத்தைச் சாப்பிடுறது சேர்?"

"கிடைக்கிறதை."

"கிடைக்கிறது எண்டால்?"

"அடியிலை விழுகிறது. அழுகினது. பாசி." அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "கீர்த்திகா, வேண்டாம்."

நுணுக்குக்காட்டிக்குக் கீழே ஒவ்வொரு கூனியின் உடலும் கண்ணாடி. உள்ளே தலையிலிருந்து வால்வரை ஒரு கறுத்த கோடு, குடல். அதை ஊசி நுனியால் கீறி உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்க அவளுக்குத் தெரியும். கூனி வந்த நாளிலிருந்து ஒரு தடவைகூட அவள் அதைச் செய்யவில்லை.

மத்தியானம் சேர் சாப்பாட்டுப் பார்சலை விரித்தார். புட்டு. பக்கத்தில் சிவந்த வறைக் கும்பி, கடுகு கடுகாய்க் கண்கள்.

"சேர், நீங்களுமோ?"

"எல்லா வீட்டிலையும் இதுதானே பிள்ளை சமையல்," என்றார் அவர், வெட்கப்பட்டு. பிறகு அந்த வெட்கம் முகத்திலிருந்து வழிந்து போய்விட்டது. கை புட்டோடு பாதிவழியில் நின்றது. தலை மெல்லத் திரும்பியது, யன்னல் பக்கம். எவ்வளவு நேரம் அப்படி இருந்தார் என்று கீர்த்திகா எண்ணினாள். அவளுக்குத் தெரிந்த வேலை எண்ணுவதுதான். எழுபத்தைந்துவரை எண்ணினாள். பிறகு அவர் ஒன்றும் நடக்காதவர்போலச் சாப்பிடத் தொடங்கினார்.

அன்று பின்னேரம் அவள் றோட்டால் நடந்து போனபோது எல்லாவற்றையும் பார்த்தாள். முன்பே பார்த்திருக்கவேண்டும். பிலிப்புவின் கடையில் சாமான் வாங்க நின்றவர்கள் கடைக்கு முதுகைக் காட்டி நின்றார்கள். பள்ளிக்கூட மதிலில் இருந்த பிள்ளைகள் சின்னதிலிருந்து பெரியது வரை உயரப்படி இருந்தார்கள், ஒரு பிள்ளைக்கும் மற்றதுக்கும் நடுவில் ஒரு சாண், எல்லா இடத்திலும் ஒரு சாண். யாரும் யாரையும் கிள்ளவில்லை. சிரிக்கவில்லை. பஸ் தரிப்பிடத்தில் வயிற்றில் பிள்ளையோடு நின்ற மூன்று பெண்கள், ஒருவரையொருவர் தெரியாதவர்கள், பக்கத்தில் பக்கத்தில் நின்று கைகளை வயிற்றுக்குக் கீழே கொடுத்துப் பிடித்திருந்தார்கள். காற்று வடக்கிலிருந்து வந்தது. எல்லா முகமும் காற்றுக்கு.

அவள் நேரே பரமலிங்கத்தின் வீட்டுக்குப் போனாள். செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"அண்ணை, வலையை நிப்பாட்டுங்கோ. இண்டைக்கே நிப்பாட்டுங்கோ."

வாங்குப் பலகையில் படுத்திருந்த பரமலிங்கம் எழும்பி இருந்தார். நல்ல மனிதர். ஜெயசுதனைத் தேடி மூன்று நாள் சொந்தப் படகில் அலைந்தவர். "என்ன பிள்ளை, பெண்சாதி தேத்தண்ணி போடுவா, இரும்."

"தேத்தண்ணி வேண்டாம். ஊர் பிழையாப் போகுது, உங்களுக்குக் கண் தெரியேல்லையோ? என்ன வந்தது எண்டு தெரியாமல் எல்லாரும் தின்னுறியள். எனக்குத் தெரியும். நீங்களும் அறிவியள். அவரைத்தான் தின்னுறியள்!"

"உப்பிடிக் கதையாதையும்."

"கதைப்பன். விரலை மடக்கிச் சட்டம் சொன்னனீங்கள். பிரேதம் கரை ஒதுங்கேல்லை எண்டனீங்கள். ஒவ்வொரு நாளும் ஒதுங்குது. நீங்கள் வாளி வாளியா அள்ளுறியள்!"

பரமலிங்கத்தின் முகம் சிவந்தது. அவர் எழும்பினார், கையை ஓங்கினார், அவளுக்கு அடிக்கத்தான். அடித்திருந்தால் அவள் சந்தோசப்பட்டிருப்பாள். ஓங்கிய கை மேலேயே நின்றது. கண்கள் அவளைத் தாண்டிப் போயின. வாய் சற்றுத் திறந்தது. உள்ளே அடுக்களையில் ஒரு கோப்பை விழுந்து உடைந்தது. பிறகு அங்கேயும் ஒரு சத்தமும் இல்லை. அவள் திரும்பிப் பார்த்தாள். அவருடைய பெண்சாதி வாசலில் நின்றாள், சுடுதண்ணீர் காலில் சிந்தியபடி. அவளும் வடக்கே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கீர்த்திகா வீட்டுக்கு ஓடவில்லை, நடந்தாள். ஓடினால் பயம் என்று ஆகிவிடும். நடந்துகொண்டே நீர்வேலியிலுள்ள தமையன் சுபாஸ்கரனுக்குப் போன் அடித்தாள்.

"அண்ணை, நானும் ஆரபியும் அங்கை வாறம். நாளைக்குப் பின்னேரம்."

"இப்பவே வாவன். நான் ஓட்டோ பிடிச்சுக்கொண்டு வரட்டே?"

அந்த நேரம் "ஓம்" என்று அவள் சொல்லியிருக்கலாம். ஆனால் அவள் இந்த ஊரை விட்டுக் களவாக ஓடத் தயாரில்லை. நிலையப் பூட்டின் திறப்பைச் சேரின் மேசையில் போடவேண்டும். பட்டப்பகலில், எல்லோரும் பார்க்க, பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு பஸ் ஏறவேண்டும். "நாளைக்கு அண்ணை," என்றாள். "தலை நிமிந்து வாறன்."

*

மறுநாள் காலை ஆரபியைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பவில்லை. தன்னோடு நிலையத்துக்குக் கூட்டிவந்தாள். பெரிய அறையில் இருத்தி, நிறப்பென்சில் கொடுத்தாள். கடைசி மூன்று நாள் கணக்கையும் எழுதி முடித்து, அவளையும் சேரையும் தவிர வேறு யாரும் வாசிக்காத அந்தக் கொப்பியை மூடவேண்டும். கோபக்காரர்கள் வேலையைப் பாதியில் விடுவதில்லை.

மத்தியானம் தர்சினி வந்தாள். நன்றாகத் தலைமுழுகித் தோய்ந்து, வாரி, நல்ல சேலை உடுத்திருந்தாள். பன்னிரண்டு நாளாக இல்லாத அமைதி முகத்தில்.

"பயணம் போறியளாம்."

"ஓம்."

"நல்லது. போறதுக்கு முதல் பிள்ளைக்கு ஒரு வாய் சோறு குடுக்கவும் எனக்கு உரிமை இல்லையோ? என்ரை தம்பியின்ரை பிள்ளை." அவள் குரல் உடைந்தது. "கூனி இல்லை கீர்த்தி. பருப்பும் கத்தரிக்காயும். நீரே பாரும்." சோற்றுப் பெட்டியின் மூடியைத் திறந்து காட்டினாள். பருப்பும் கத்தரிக்காயும்தான்.

பன்னிரண்டு நாள் கோபத்தில் ஒரே ஒரு கணம் கீர்த்திகா இளகினாள். "இஞ்சையே வைச்சுக் குடுங்கோ," என்றாள்.

"வீட்டிலை இருந்து சாப்பிடட்டும். உடுப்பும் எடுத்து வைக்கவேணுமெல்லே. நாலு மணிக்கு நீர் வாரும், நான் வெளிக்கிடுத்தி வைக்கிறன்."

ஆரபி ஏற்கெனவே எழும்பி மாமியின் கையைப் பிடித்துவிட்டாள். நாலு மணிக்குக் கொப்பியை மூடிவிட்டுப் புறப்படும்போதுதான், மேசையில் ஆரபி கீறி வைத்திருந்த படத்தைக் கீர்த்திகா பார்த்தாள். நீலக் கடல். அதில் மனிதர்கள். வரிசை வரிசையாய், கடதாசி விளிம்புவரை, அறுநூறு எழுநூறு பேர் இருக்கும். ஒவ்வொருவருக்கும் நடுவில் ஒரே தூரம். ஆறு வயதுப் பிள்ளை, அளக்க ஓர் அடிமட்டம் இல்லாமல் அப்படிக் கீறாது.

அவள் வாசலுக்கு வந்தாள். றோட்டில் ஒருவரும் இல்லை.

வீட்டுக்குப் போகும் குறுக்கொழுங்கையில் பாதிவழியில் காதுக்குள் ஏதோ குறைந்தது. நாய் குரைக்கவில்லை. வானொலி இல்லை. விறகு கொத்துகிற சத்தம் இல்லை. படலைகள் திறந்து கிடந்தன, ஒன்றன்பின் ஒன்றாக. ஒரு முற்றத்தில் ஸ்கூட்டி ஒன்று விழுந்து பின்சில்லு சுற்றிக்கொண்டிருந்தது. ஒரு குசினியில் சோறு கருகுகிற மணம். ஒரு தொட்டில் இன்னும் ஆடிக்கொண்டிருந்தது. வெறுமையாய்.

"ஆரபி!"

வீட்டு விறாந்தையில் சோற்றுப் பெட்டி கிடந்தது, பருப்பும் கத்தரிக்காயும் அப்படியே. குசினியில் ஆரபியின் சின்னப் பீங்கான் கோப்பை. கழுவி வைத்திருந்தார்கள். கீர்த்திகா அதை எடுத்து மணந்தாள். உப்பு. சேறு. இரும்பு. அடுப்புக்குப் பின்னால் ஓலைப்பெட்டியில் காயவைத்த கூனி, முக்கால்வாசி முடிந்திருந்தது. பெட்டியின் ஓரத்தில் சின்ன விரல்களின் எண்ணெய்த் தடங்கள். இன்றைக்குப் பட்டவை அல்ல. காய்ந்து, தூசி படிந்து, அதன்மேல் புதிது, அதன்மேல் புதிது.

சத்தியமா. சத்தியமா.

"வேசை!" என்று அவள் தர்சினியை, காற்றை, வீட்டை ஏசினாள். செத்துப்போனவனையும் ஏசினாள். ஏசிக்கொண்டே ஓடினாள். இப்போது ஓடினாள்.

கடல் அசையாமல் கிடந்தது. வெயில் சாய்ந்து இடது பக்கத்திலிருந்து நீளமாய் விழுந்தது. முதலில் அவளுக்குத் தண்ணீருக்குமேல் ஒரு நேர்கோடு மட்டும் தெரிந்தது, யாரோ கயிறு பிடித்துக் கட்டிய மதில்போல. பிறகு அது தலைகள் என்று தெரிந்தது.

ஊர் முழுக்கத் தண்ணீருக்குள் நின்றது. கரையோடு குழந்தைகள். அதற்கடுத்துச் சற்று வளர்ந்த பிள்ளைகள். பிறகு பெண்கள். நடுவில் தனியாக, கைகளை வயிற்றுக்குக் கீழே கொடுத்தபடி பிள்ளைத்தாய்ச்சிகள். அதற்கும் அப்பால் ஆண்கள். அடிமண் சரிய ஆட்களும் உயர்ந்தார்கள். அதனால் எல்லோருக்கும் தண்ணீர் நெஞ்சுவரை. எல்லாத் தலையும் ஒரே மட்டம். எல்லாப் பிடரியும் அவளுக்கு. ஒருவருக்கும் அடுத்தவருக்கும் நடுவில் ஒரு முழம். ஒரு முழம். ஒரு முழம்.

சேரின் வழுக்கைத் தலை தெரிந்தது. பரமலிங்கம் தெரிந்தார். பெண்கள் வரிசையில் தர்சினியின் ஈரக் கொண்டை.

"ஆரபி! வா இஞ்சாலை! அம்மா வந்திட்டன்!"

ஒரு தலைகூடத் திரும்பவில்லை.

அவள் தண்ணீருக்குள் பாய்ந்தாள். கூனி கால்களில் உரசியது, தவிடுபோல, உயிருள்ள தவிடுபோல. குழந்தைகள் அவளுக்கு வழிவிட்டார்கள். பார்க்காமலே, நடக்காமலே, அப்படியே பக்கவாட்டில் விலகினார்கள். அவள் கடந்ததும் பின்னால் மூடிக்கொண்டார்கள். அவளைச் சுற்றி ஒரு வெற்று வட்டம், அவள் போகுமிடமெல்லாம் கூடவே வந்தது. கை நீட்டினால் அந்தளவுக்கு நகர்ந்தது. பாய்ந்தால் அந்தளவுக்குப் பாய்ந்தது. அவள் அடித்தாள். தண்ணீரைத்தான் அடித்தாள். கத்தினாள். மயிரைப் பிடித்திழுக்கப் பார்த்தாள். விரல்களுக்குள் ஒருவரும் அகப்படவில்லை.

அப்போதுதான் ஆண்களின் கடைசி வரிசையைக் கண்டாள். எல்லோருக்கும் வெளியே, தன் உயரத்துக்குரிய இடத்தில் நின்ற ஒரு பிடரியை. ஏழு வருடம் பக்கத்தில் படுத்துப் பார்த்த பிடரி. வலது தோள் சற்று இறங்கினபடி.

சாயும் வெயில் அவனுக்கு ஊடாக வந்துகொண்டிருந்தது.

தோலும் எலும்பும் இல்லை. கலங்கிய கண்ணாடி. உள்ளே லட்சம் லட்சமாய்ச் சின்னச் சின்னக் கறுத்த கண்கள், ஒரு தோள், ஒரு கழுத்து, ஒரு காது என்று நிரம்பி, ஒன்றுகூடப் பிசகாமல் ஒரே பக்கம் பார்த்துக்கொண்டிருந்தன.

அவன் ஓர் அடி வைத்தான். ஊர் முழுவதும் ஓர் அடி வைத்தது. தண்ணீர் சத்தம் போடவில்லை.

"ஜெயன்," என்றாள் அவள். பிறகு பல்லைக் கடித்துக்கொண்டு, "பிள்ளையை விடு," என்றாள். "என்ரை பிள்ளையை விடு!"

வட்டத்தின் விளிம்பில், கைக்கெட்டும் தூரத்துக்கு ஒரு விரற்கடை அப்பால், ஆரபி நின்றாள். தலைவாரி, பின்னல் பின்னி, பயணச் சட்டை போட்டிருந்தாள். வாய் சற்றுத் திறந்திருந்தது. இன்னோர் அடி வைப்பதற்காகச் சின்னக் கையைத் தண்ணீருக்குமேல் தூக்கினாள். வெயில் அந்தக் கையில் விழுந்தது. விழுந்து நிற்கவில்லை.

கீர்த்திகா பார்த்தாள். மகளின் உள்ளங்கைக்கு ஊடாக, பக்கத்தில் நின்ற பிள்ளையின் சட்டையிலிருந்த மஞ்சள் பூ ஒவ்வொரு இதழும் தெளிவாகத் தெரிந்தது.